அரசாங்கக் கிடா

கலந்த ரத்தத்தைப் பிரிக்க முடியாது என்று சண்முகக்கனி ஒன்பது ஊர்களில் வாக்குக் கொடுத்திருந்தாள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கரிசல் காட்டில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுத் திரிகிறவள் அவள். கால்நடை உதவியாளர் என்று அட்டையில் போட்டிருக்கும்; ஜனங்களுக்கு ஊசிக்கார அக்கா. அவள் வண்டிச் சத்தம் கேட்டால் கிடை நாய்கூட எழுந்து குரைக்காது. அப்படிப்பட்டவள் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்? நம்பினார்கள். வந்த வினையே அதுதான்.

இரண்டாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது. குட்டிவீச்சு என்றொரு நோய் வடக்கேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. செம்மறிக்கு அது வந்திருப்பதே தெரியாது. மேயும், அசைபோடும், பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். சினை ஆடு மட்டும் மாசம் நிரம்பாமல் குட்டியை வீசிவிடும். அந்தக் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாலோ, அவள் வயிற்றிலிருப்பதும் தங்காது. பக்கத்து மாவட்டத்தில் நாலு பெண்களுக்கு அப்படி ஆகிப்போனது. நோய் இங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று உடனே தெரிந்தாக வேண்டும் என மேலிடம் குதித்தது.

முதலில் காடல்பட்டிக்குத்தான் போனாள். அங்கே இருபது வீட்டு ஆடுகளையும் கோடையில் ஒரே கிடையாகப் போடுவார்கள். கிடைக்கு மூத்தவர் உச்சிமாகாளி. சண்முகக்கனியைத் தங்கச்சி ஸ்தானத்தில் வைத்திருந்த மனுஷர். அவளுக்குப் புருஷன் தவறிப்போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மூட்டை கம்பைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவர்.

"ரத்தம் எதுக்குத் தாயி? யார் ஆட்டுல நோய் இருக்குன்னு கண்டுபிடிச்சு அடிச்சுப் புதைக்கவா?" என்று கேட்டார் உச்சிமாகாளி.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. ஒவ்வொரு ஆட்டுக்கும் தனித்தனியா சோதனை பண்ணக் கட்டுப்படியாகாது. இருபத்தஞ்சு ஆட்டு ரத்தத்தைச் சொட்டுச் சொட்டா எடுத்து ஒரே டியூப்ல கலந்திருவோம். டியூப்புக்கு ஒரு சோதனை, அவ்வளவுதான்."

"கலந்துட்டா எந்த ஆடுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம். நூத்துக்கு எத்தனை ஆட்டுக்கு இருக்குங்கிற எண்ணிக்கை மட்டும்தான் அவுகளுக்கு வேணும்."

உச்சிமாகாளி விடுகிற ஆள் இல்லை. "ஆடு தெரியாம எண்ணிக்கை மட்டும் எங்கிருந்து வரும்? என்ன, ஜோசியமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சண்முகக்கனியும் சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து டியூப்புகளை எடுத்துக் காட்டினாள். "ஒம்பது ஊருக்கும் சேர்த்து நூத்திப்பத்து டியூப். ஒரு டியூப்ல நோய் இல்லன்னு வந்தா அதுல இருக்க இருபத்தஞ்சு ஆடும் சுத்தம். நோய் இருக்குன்னு வந்தா உள்ள ஒண்ணும் இருக்கலாம், நாலும் இருக்கலாம், சொல்ல முடியாது. ஆனா சுத்தமான டியூப் எத்தனைன்னு தெரிஞ்சிருச்சுன்னா, மொத்தத்துல நூத்துக்கு எத்தனைன்னு கணக்கு வந்திரும். நூத்துக்கு ரெண்டுக்குக் கீழ வந்தா ஒரு ஆட்டையும் தொட மாட்டாக. எங்க ஆபீஸ் டாக்டர் கதிரேசன் எங்கிட்ட வாயாலயே சொல்லியிருக்காரு."

உச்சிமாகாளி தாடியைத் தடவினார். அப்புறம் மெல்லத் தலையாட்டினார். "அப்படின்னா நம்ம கிடை வழக்கம் மாதிரின்னு சொல்லு."

அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் ஆட்டின் காதில் தனக்கென்று ஒரு வெட்டு வைத்திருப்பான். ஒருவனுக்கு நுனியில் பிளவு, இன்னொருவனுக்கு ஓரத்தில் பிறை. ஆனால் கூட்டுக் கிடையில் ஓர் ஆடு செத்து விழுந்தால் யாரும் அதன் காதைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. அப்படியே தூக்கிப் புதைத்துவிட வேண்டும். நஷ்டம் இருபது வீட்டுக்கும் பொது. கிடை பிரிகிற அன்று எல்லாருமாகச் சேர்ந்து குறைந்தவனுக்கு ஈடு கொடுத்துவிடுவார்கள். எவன் ஆடு என்று கேட்கிறவன் அந்த ஊரில் மனுஷனே இல்லை.

"ஆமா அண்ணாச்சி, அதே மாதிரிதான்," என்றாள் சண்முகக்கனி. அவளுக்கே அது பிடித்திருந்தது. மற்ற எட்டு ஊர்களிலும் உச்சிமாகாளி சொன்ன உதாரணத்தைத்தான் சொல்லி ரத்தம் வாங்கினாள்.

முடிவு பத்தே நாளில் வந்தது. எண்பது டியூப் சுத்தம், முப்பதில் நோய். கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஒன்றேகால். அவள் ஊர் ஊராகப் போய், "ரெண்டுக்குக் கீழதான் வந்திருக்கு, பயப்படாதீக" என்று சொல்லிவிட்டு வந்தாள். காடல்பட்டியில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். உச்சிமாகாளியின் மகள் இசக்கியம்மா, கல்யாணமாகி மூன்று மாசமே ஆனவள், ஓடிவந்து அவள் தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் கதிரேசன் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு பட்டியல் இருந்தது. முப்பத்தைந்து ஆடுகளின் எண்கள், எதிரே சொந்தக்காரர்களின் பெயர்கள். காடல்பட்டி என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர்: உச்சிமாகாளி. ஆடு இரண்டு.

அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. "இது எப்படி சார்? கலந்தாச்சே."

"உட்காருங்க கனி. புது மிஷின் ஒண்ணு வந்திருக்கு. கலந்த ரத்தத்தைப் பிரிச்சுக் காட்டும். எந்தெந்த ஆட்டோட ரத்தம் எவ்வளவு, கிருமி எதோட ரத்த அணுவுல ஒட்டியிருக்குன்னு எல்லாமே சொல்லிடும்."

"பிரிச்சாலும் இது இன்னார் ஆடுன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

கதிரேசன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடித் திறந்தார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால காதுல நம்பர் வில்லை மாட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? ஓட்டை போடும்போது விழுந்த காதுத் துணுக்கை ஒரு குப்பியில போட்டு அனுப்பினீங்க. அதுலேருந்து ஒவ்வொரு ஆட்டுக்கும் மரபணு ஜாதகம் எடுத்து வச்சிருக்காங்க."

அத்தனை காதுகளையும் ஓட்டை போட்டவள் அவள்தான். துணுக்கை எதற்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத தன்னை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீங்க எனக்கு வாக்குக் கொடுத்தீங்க சார். அத நம்பி நான் ஒம்பது ஊருக்குக் கொடுத்தேன்."

"அன்னைக்குப் பிரிக்க முடியாது, அதனால முடியாதுன்னு சொன்னேன். இன்னைக்கு முடியுது. இதுல நான் எங்க பொய் சொன்னேன்?"

"மிஷின் வரப்போறது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா, தெரியாதா?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "நாலு பொண்ணுங்களுக்குக் கரு கலைஞ்சிருக்கு கனி. எந்த ஆடுன்னு தெரிஞ்ச பிறகும் நான் சும்மா இருந்து, அஞ்சாவதா ஒருத்திக்குக் கலைஞ்சா அந்தப் பாவம் யாருக்கு? எனக்கு ஆடு பெருசா, பொண்ணுங்க பெருசா? நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் சுட்டது. நோய் இருக்கிற ஆட்டை மட்டும் கொண்டுபோகலாமே என்று கெஞ்சினாள். சட்டப்படி அந்தச் சொந்தக்காரரின் மந்தை முழுதும் போக வேண்டும் என்றார். உச்சிமாகாளிக்கு அறுபத்தோரு ஆடு.

அன்று மத்தியானமே காடல்பட்டிக்குப் போய் உச்சிமாகாளியிடம் சொன்னாள். லாரி வந்து நிற்பதற்கு முன்னால் தன் வாயால் தெரியட்டும் என்று நினைத்தாள். அதுவும் தப்பாகப் போயிற்று. பட்டியலில் உச்சிமாகாளி பெயர் மட்டும்தான் என்ற சேதி அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிட்டது. பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது வீட்டுக்காரர்களும் கிடைக்குள் இறங்கினார்கள். அவரவர் ஆட்டின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தங்கள் ஆட்டைப் பிரித்து ஓட்டிக்கொண்டு போனார்கள். உச்சிமாகாளியின் சொந்தப் பங்காளி கொம்பையாவும் போனார். பரந்து கிடந்த கிடையில் நட்டநடுவே அறுபத்தோரு ஆடுகள் மட்டும் ஒண்டி நின்றன.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வந்தது. முழுப் பாதுகாப்பு உடுப்புப் போட்ட ஆட்கள் ஆறு பேர். குழியை முன்னாலேயே வெட்டிச் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். வேலை பதினொரு மணிக்கெல்லாம் முடிந்தது. எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை சண்முகக்கனிக்கு. ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து வில்லையைப் படித்தாள். பாதி ஆடுகள் அவளைத் தெரிந்துகொண்டு கையை முகர்ந்தன.

உச்சிமாகாளி சத்தம் போடவில்லை. குழி மூடியதும் அவளிடம் வந்து நின்றார்.

"நீ தெரிஞ்சு சொன்னியா தாயி, தெரியாமச் சொன்னியா?"

"சத்தியமாத் தெரியாது அண்ணாச்சி. எனக்கும் சொல்லல."

"தெரியாதவ எதுக்கு வாக்குக் கொடுத்த?"

அவ்வளவுதான் கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்கள் கல்லும் இல்லை, தெய்வமும் இல்லை. கிடையைப் பிரித்துக்கொண்டு போன பத்தொன்பது வீட்டுக்கும் ஒரு மாசத்துக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கொம்பையாதான் முதலில் ஒரு சினை ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போய் உச்சிமாகாளியின் பட்டியில் விட்டார். மற்றவர்களும் வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து விட்டார்கள். யாரும் மன்னிப்பு என்று வாய் திறக்கவில்லை. உச்சிமாகாளியும் காதைப் பார்க்கவில்லை. அந்தப் பத்தொன்பது ஆட்டோடு மனுஷர் மறுபடி மேய்க்கக் கிளம்பினார். கேள்விப்பட்டபோது சண்முகக்கனிக்கு மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் ஊர் அவளை மன்னித்ததாக மட்டும் தெரியவில்லை. அவள் வண்டி வந்தால் படலை இழுத்துச் சாத்தினார்கள்.

ஒன்பது ஊரிலும் இதே கதைதான். அடுத்த வருஷம் மறுசோதனை வந்தபோது பட்டிக்குள் எந்த ஊழியரையும் விடவில்லை. கலெக்டர் வந்து பேசியும் நடக்கவில்லை. சரி, நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்று டியூப்பையும் ஊசியையும் ஊர்க்காரர்களிடமே கொடுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் நூற்றுப்பத்து டியூப்பும் நிறைந்து, துடைத்துச் சுத்தமாக, வரிசையாக வந்துவிட்டன. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஊர்களா இவை? சண்முகக்கனிக்கு அப்போதே பொறி தட்டியது.

காடல்பட்டியில் டியூப்பை வாங்கப் போனபோது பார்த்தாள். ஊர்ச்சாவடிக்குப் பின்னால், வேப்பமர நிழலில் கிடா ஒன்று தனியாகக் கட்டிக் கிடந்தது. முன்னால் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த வாளி. கழுத்தில் ஒரு பக்கம் ரோமத்தை வழித்துவிட்டிருந்தார்கள். வழித்த இடமெல்லாம் ஊசித் தழும்பு.

"இது யாரு கிடா?" என்று கேட்டாள்.

"அதுவா? அது அரசாங்கக் கிடா!" என்றார் கொம்பையா. பக்கத்தில் இருந்தவர்கள் கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். "கவருமெண்டுக்கு ரத்தம் கொடுக்கதுக்குன்னே வளர்க்கோம். மூணு தடவை தனியார் லேபுல சோதிச்ச சுத்தமான கிடா. ஊருக்கு ஒண்ணு இருக்கு. போயி எழுதிக் கொடு."

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குள் முடிவே வந்துவிட்டது. நூற்றுப்பத்து டியூப்பும் சுத்தம். நூற்றுக்குப் பூஜ்யம். நோயற்ற மண்டலம் என்று ஒன்பது ஊர் முகப்பிலும் பச்சைப் பலகை நட்டார்கள். கப்பலில் கறி அனுப்ப அனுமதி கிடைத்துவிட்டது என்று பேச்சு அடிபட்டது. கதிரேசனுக்குப் பதவி உயர்வு வந்தது. அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள்.

சண்முகக்கனி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "சார், அந்த ரத்தம் பொய். ஊருக்கு ஒரு கிடா கட்டி வச்சிருக்காக. எல்லா டியூப்லயும் அதோட ரத்தம்தான். டியூப்ப அந்த மிஷின்ல போட்டுப் பிரிச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

கதிரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிரிச்சுப் பார்த்தாச்சு கனி."

"பார்த்தாச்சா?"

"மிஷின் எல்லாத்தையும் தானாவே பிரிச்சிடும். நூத்திப்பத்து டியூப்லயும் சேர்த்து ஒன்பதே ஒன்பது ஆடுதான். நான் பார்த்தேன், எனக்கு மேல இருக்கறவங்களும் பார்த்தாங்க."

"பார்த்துட்டுமா பலகை நட்டீங்க?"

"பூஜ்யம் வந்திருக்கு. எல்லாருக்கும் நல்லது. ஆட்டுக்காரங்களுக்கும் நல்லதுதானே? இனிமே யாரும் போய் அவங்க ஆட்டைக் கொல்லப் போறதில்லை. விடுங்க."

"அப்போ அந்தப் பொண்ணுங்க?" என்றாள். குரல் உடைந்து கத்தலாக வந்தது. "போன வருஷம் பொண்ணுங்க பெருசுன்னுதானே உச்சிமாகாளி அண்ணாச்சி மந்தைய அழிச்சீங்க? இப்போ அவுக எங்க போனாக?"

"கதவைத் திறந்துட்டுப் போங்க," என்றார் கதிரேசன்.

லட்டை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். வண்டியை எடுத்தவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கொதிப்பில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்த விஷயம் சம்மட்டி அடியாக மண்டையில் இறங்கியது. பத்தொன்பது வீட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு சினை ஆடு. இந்த ஒரு வருஷத்தில் அதில் எதையும் யாரும் ஒழுங்காகச் சோதிக்கவே இல்லை. ஊரில் எந்த மூலையில் நோய் இருந்தாலும் அது இப்போது உச்சிமாகாளி பட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கும். வண்டியைக் காடல்பட்டிக்குத் திருப்பினாள்.

உச்சிமாகாளி வீட்டு முற்றத்தில் இசக்கியம்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஏழாம் மாசம். வளைகாப்புப் போட்டு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். படலைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றவளைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை.

"இசக்கி, பட்டியில ஆடு எதுவும் குட்டி வீசுச்சா?"

"மூணு வீசிருச்சு. போன வாரம்."

"யாரு எடுத்துப் போட்டது?"

"அப்பாதான். ஏன் அத்தை?"

"நீ தொடல இல்ல? நீ ஆட்டுக்கிட்டயே போகாத தாயி. இன்னைக்கே உம் மாமியா வீட்டுக்குக் கிளம்பு, நானே கொண்டுபோயி விடுறேன். நோய் இருக்கு. வயித்துப்பிள்ளைக்கு ஆகாது."

இசக்கியம்மா கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "பூஜ்யம்னு பலகை வச்சிருக்காகளே."

"அது பொய் தாயி."

"அப்போ போன வருஷம் வந்து சொன்னீகளே, ரெண்டுக்குக் கீழ, ஆட்டத் தொட மாட்டாகன்னு. அது?"

சத்தம் கேட்டு உச்சிமாகாளி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். கோபமாக இருந்தாலாவது தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. மனுஷர் நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"வாங்க மேடம். உட்காருங்க. தண்ணி குடிக்கீகளா?"

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டதே இல்லை. கீழே விழுந்து காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். "அண்ணாச்சி, என்னை எப்படி வேணாலும் பேசுங்க. செருப்பால அடிங்க. ஆனா பிள்ளைய மட்டும் பட்டிக்குள்ள விடாதீக. இந்த ஒண்ண மட்டும் நம்புங்க."

"மறுபடியும் லிஸ்டு வந்திருக்கா மேடம்?"

"லிஸ்டு இல்ல அண்ணாச்சி, நானாத்தான் வந்தேன். யாரும் அனுப்பல."

"யாரும் அனுப்பலன்னா எதுக்கு வந்தீக?" என்று நிஜமாகவே புரியாதவர் மாதிரி கேட்டார். "இருக்க தாயாடு பத்தொம்பது. சொந்தக்காரங்க பார்த்துக் கொடுத்தது. அதையும் கொண்டுபோகணும்னா நேராக் கேளுங்க, பிள்ளையச் சாக்கு வச்சுக் கேக்காதீக."

பட்டிக்குள் ஒரு ஆடு அடித்தொண்டையில் கத்தியது. நாள் நெருங்காத ஆடு. குட்டியை வீசப்போகிறது என்று கத்தலிலேயே தெரிந்தது. உச்சிமாகாளி ஆட்டைப் பார்க்கப் போகவில்லை. சண்முகக்கனி மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பட்டி வாசலை மறித்து நின்றார். இசக்கியம்மா இடுப்பில் கையை ஊன்றி எழுந்தாள்.

"வேண்டாம் இசக்கி! போகாத தாயி! நான் எடுக்கேன், எங்கிட்டக் கையுறை இருக்கு!" என்று சண்முகக்கனி பாய்ந்தாள்.

உச்சிமாகாளி கையை நீட்டி அவளைத் தடுத்தார். "எங்க ஆட்டுல இனிமே நீங்க கை வைக்க வேண்டாம். பிள்ளை பார்த்துக்கிடும்."

அவர் கைக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு அவள் கத்தியது ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். அக்கம்பக்கத்துப் படல்கள் ஒன்றும் திறக்கவில்லை. இசக்கியம்மா பட்டிக்குள் போய், வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, ஆட்டின் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வெறுங்கை இரண்டையும் நீட்டிக் குட்டியின் தலையைப் பிடித்தாள்.